பத்து மணித் தண்ணி

புஷ்பவள்ளி முப்பத்து மூன்று வயதில் மறுபடியும் மாணவியானாள். சிவகாசியில் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடம் வேதியியல் நடத்தியவள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் அறுபது பேர் எழுந்து நிற்பார்கள். பினாங்கில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து வந்து சேர்ந்த முதல் வாரம், கை துடைக்கும் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தன்னைவிடப் பத்து வயது சின்னவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தெரியாததைக் கேட்டுவிட வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பழகியிருந்தது.

டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை. உடன் தங்கியிருந்த லோகேஸ்வரி ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஊர்ப் பேச்சுக்கு முதல் ஆசிரியை அவள்தான். "பசியாறிட்டீங்களா?" என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். சடக்கு என்றால் சாலை, காடி என்றால் கார்; பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வுக்கு அர்த்தமே தேவையில்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் புஷ்பவள்ளி பேச்சை நிறுத்தி விளக்கம் கேட்பாள். தெரிந்த சொல்லுக்கு யார் விளக்கம் கேட்பார்கள்?

ஆய்வகத்தில் மூத்தவன் சாதிக். முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு. ஒரு வேளைத் தொழுகையும் தவறவிடாதவன். முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லோரும் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அக்கா, தண்ணி குடிக்கப் போறோம். வாங்களேன்."

புஷ்பவள்ளி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "எனக்கு அந்தப் பழக்கம் இல்லை."

"ஒண்ணுமே குடிக்க மாட்டீங்களா?"

"தொட்டதே இல்லை."

"நல்ல பழக்கம்தான் லா," என்றாள் சுஹானா, தலைத்துணியின் ஊசியைச் சரிசெய்தபடி. காகித அலமாரியைக் காட்டியவள் இவள்தான். "நானும் கொறைக்கணும்னு பாக்குறேன். ஒரு நாளைக்கு நாலு ஆயிடுது."

புஷ்பவள்ளி தன் குறிப்பேட்டைத் திறந்துகொண்டாள். அவள் அப்பா தண்ணி போட்டுவிட்டு வரும் நாள்களில் அம்மா கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லில் வேறு அர்த்தம் எதுவும் மிச்சமில்லை.

இரண்டாம் வாரமும் கூப்பிட்டார்கள், மூன்றாம் வாரமும் கூப்பிட்டார்கள். "தண்ணி குடிக்காத அக்கா" என்ற பெயரும் வந்துவிட்டது.

அதற்குள் வேறொரு கவலை. தாசேக் கெலுகோர் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்களிலிருந்து பதினான்கு புட்டி நீர் எடுத்து வந்திருந்தாள். அதில் களைக்கொல்லி எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தாலும் அந்த நீர் பதினான்கு நாளைக்குத்தான் தாங்கும். முதல் அளவீடுகளோடு ஆய்வுத் திட்டம் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அவளுடைய படிப்புக்கான பதிவு நீடிக்காது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அளக்கும் கருவியோ ஆய்வகத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு திங்களும் பதினோரு மணிக்கு அந்த வாரத்துக்கான பட்டியலைக் கருவியின் மேல் ஒட்டுவார்கள். எல்லாக் கட்டத்திலும் பெயர் இருக்கும். அவள் பெயர் இருக்காது. குடித்துவிட்டு வருகிறவர்களிடம் போய்க் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

நான்காம் திங்களன்று நீருக்கு ஒன்பதாம் நாள். எல்லோரும் கிளம்பிப் போனதும் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். வேலை நேரத்தில் குடிக்கப் போகிறவர்கள் கருவியைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நாள், நேரத்தோடு எழுதியிருந்தாள். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. நேரில் பார்க்காத ஒன்றை அவள் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. பார்த்துவிட்டு வந்தே அனுப்பலாம் என்று படியிறங்கினாள்.

கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கடை. தூரத்திலேயே சுஹானா பார்த்துவிட்டாள்.

"அக்கா வந்துட்டாங்க! உக்காருங்க, உக்காருங்க."

சாதிக், சுஹானா, இன்னொரு மாணவன். மேசையில் நுரை தளும்பும் டீ மூன்று, பிய்த்துப்போட்ட ரொட்டி சனாய், சாதிக்கின் முழங்கைக்கு அடியில் ஒரு தாள். கடைக்காரர் வந்து நின்றார்.

"தங்கச்சிக்கு என்ன தண்ணி?"

"என்ன தண்ணி… இருக்கு?"

"டீ, கோப்பி, மைலோ, சிராப். சூடா வேணுமா, ஐஸ் போட்டா?"

புஷ்பவள்ளி மெல்ல உட்கார்ந்தாள். "டீ," என்றாள். அவர் போன பிறகு சாதிக்கின் டம்ளரைக் காட்டிக் கேட்டாள். "இதைத்தான் தண்ணின்னு சொல்றீங்களா?"

"ஆமா. வேற என்னான்னு நெனச்சீங்க?"

"எங்க ஊர்ல கூட்டமா தண்ணி குடிக்கப் போறாங்கன்னா அது பிராந்திக் கடைக்கு."

சாதிக்கின் கையில் இருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. "அஸ்தஃபிருல்லா! காலைல பத்து மணிக்கா? நானா?"

"அப்ப நான் நாலு குடிக்கிறேன்னு சொன்னப்ப?" என்றாள் சுஹானா.

"பாவம், இந்தப் பிள்ளையை யார் கெடுத்ததுன்னு நெனச்சேன்."

"சாதிக் அண்ணேதான்! வேற யாரு?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். புஷ்பவள்ளியும் சிரித்தாள். கைப்பேசியை மேசைக்கடியில் வைத்து அந்த மின்னஞ்சலை அழித்தாள். அதைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை.

"எனக்கு மெஷின் வேணும்," என்றாள் பிறகு.

"லிஸ்ட்டை இங்கதான அக்கா எழுதுறோம். அதுக்குத்தான வாராவாரம் கூப்பிட்டேன். நீங்க கேக்கவே இல்ல. சாம்பிள் ரெடியாகலைன்னு நெனச்சுட்டேன்." சாதிக் தாளை இழுத்து மேலும் கீழும் பார்த்தான். "இந்த வாரமும் ஃபுல். வெள்ளிக்கிழமை பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்தான் காலி. நாங்க தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிடுவோம், சுஹானா வீட்டுக்குப் போயிடும். அந்த நேரத்த யாரும் கேட்டதில்ல."

ஒரு புட்டிக்குப் பத்து நிமிடம். ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசல்கள் மூன்று. மொத்தம் நூற்றெழுபது நிமிடம். "போதும்," என்றாள் புஷ்பவள்ளி. "பத்து நிமிஷம் மிச்சமிருக்கும்."

வெள்ளிக்கிழமை அந்தப் பத்து நிமிடம் முதல் கரைசலிலேயே போய்விட்டது. குழாயில் காற்றுக் குமிழ் புகுந்து கோடு கோணலாக வந்தது. குமிழை வெளியேற்றி மறுபடி தொடங்கினாள். மதியச் சாப்பாடு பைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு புட்டியாகப் போய்வந்தது. களைக்கொல்லி இருந்தால் திரையில் கோடு எழும்; முதல் பதிமூன்று புட்டிகளிலும் அது தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தது. பதினான்காவது முடியும் நேரம் சாதிக் தொழுகை முடிந்து வந்து அவள் பின்னால் நின்றான்.

திரையில் கோடு எழுந்தது. கூர்மையாக, நெட்டுக்குத்தாக எழுந்து இறங்கியது.

"இது எங்க எடுத்தது?"

"தோட்டத்துக்கு வெளியே. வாய்க்கால் வீடுகள் பக்கம் திரும்புற இடம்."

சாதிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஒரு தடவ வந்தத நம்ப மாட்டாங்க அக்கா. இதையே இன்னும் ரெண்டு தடவ ஓட்டுங்க. என் நேரத்துல எடுத்துக்குங்க."

நீரைக் கருவிக்குள் மறுபடி ஏற்ற, புஷ்பவள்ளி புது ஊசியைப் பிரித்தாள்.