இரண்டு தட்டு

வண்டியின் இடப்பக்க முன்கதவில், கண்ணாடிக்குக் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிகிறது. அந்த இடம் லேசாக உள்வாங்கியும் இருக்கிறது. டிங்கர் வேலை செய்கிற பையன் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எதில் இடித்தீர்கள் என்று கேட்டான். எதிலும் இடிக்கவில்லை என்றேன். எல்லா டிரைவரும் சொல்கிற பொய்தானே என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தான். "தட்டி எடுத்துட்டு பட்டி பாத்துரவாண்ணே? வாங்க வர்றவன் மொதல்ல கதவத்தான் பாப்பான்" என்றான். செத்த நேரம் இரு, டீ குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். டீக்கடை எதிரிலேயே இருந்தது. நான் அங்கே போகாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரைக்கால்மேட்டில் மீன் விற்கிற பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் வேன் அது. விடியற்காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடைகளில் போட்டுக்கொண்டு, டவுனைத் தாண்டி, கோட்டுச்சேரி, நெடுங்காடு என்று உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போய்த் தெருத்தெருவாக விற்பார்கள். முதல் நாளிலிருந்து அதற்கு நான்தான் டிரைவர். இப்போது சங்கம் புது வண்டி வாங்கிவிட்டது. ஓட்டுவதற்கு இளவட்டம் ஒருவன் வந்துவிட்டான். பழையதைப் பூசி மெழுகி விற்றுக் கொடுக்கிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. கதவில் இருக்கிற அந்தப் பள்ளம், சங்கத்தை உண்டாக்கிய தலைவியம்மாவின் கை போட்டது.

வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் எல்லாரும் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். கூடையோடு ஏறினாலே ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதே ஜனங்கள் மத்தியானம் அதே மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள், அது வேறு விஷயம். ஒரு நாள் கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒரு கண்டக்டர் தலைவியம்மாவை நடுவழியில், இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில், இறக்கிவிட்டுவிட்டான். டிக்கெட் வாங்கியிருந்தார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுங்காடு வரை நடந்தே போனார். அவ்வளவையும் விற்றுவிட்டு நடந்தே திரும்பினார். வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. மற்ற பெண்களைக் கூப்பிட்டு, நமக்கென்று ஒரு வண்டி வாங்கியே தீர வேண்டும் என்று அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டார். சங்கம் பிறந்தது அப்படித்தான். இதை எனக்கு அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தக் கண்டக்டரைப் பற்றி மட்டும் எப்போதாவது, "அவன் நல்லா இருக்கணும் தம்பி" என்பார். கேலியா, நிஜமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

முன்சீட்டில், எனக்கு இடது பக்கம், அவர் உட்காருவார். கூடைகள் எல்லாம் ஏறியதும் தலையைத் திருப்பி ஒரு பார்வை. பிறகு கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டு விழுந்தால்தான் வண்டி நகரும். ஏலத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வருகிறவளுக்காகக் காத்திருப்பதா, விட்டுவிட்டுப் போவதா; மழை நாளில் போவதா, வேண்டாமா; எந்தத் தெரு யாருக்கு; எல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போகாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் மீனுக்கு நல்ல வியாபாரம். பெண்கள் முணுமுணுப்பார்கள். "அந்தத் தம்பி சாமி கும்புட்டுட்டு வரட்டும்டி. நம்ம பாவத்தயும் சேத்துத்தான கும்புடுது" என்று சொல்லி அடக்கிவிடுவார். நான் கோயிலிலிருந்து ஓடி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தட்டுகிற தட்டு மட்டும் கொஞ்சம் பலமாக விழும். அது எனக்கான திட்டு.

மகளுக்குப் பிரசவம் என்று அவர் நாகப்பட்டினம் போனபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. "நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்கடி, நான் ரெண்டு நாள்ல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் காலையில் கூடைகள் ஏறிவிட்டன. இரண்டு பேர் மட்டும் ஏலத்திலிருந்து வரவில்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருத்தி சொன்னாள். அது எப்படி, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்றாள் இன்னொருத்தி. அக்கா இருந்தால் என்ன செய்வார் என்று ஒரு பேச்சு நடந்தது. நான் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். டிரைவருக்கு எதற்கு இந்த வம்பு என்று இருந்துவிட்டேன். வெயில் ஏறிய பிறகு அந்த இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் நெடுங்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மொபெட்டில் மீன் கொண்டுவருகிற ஆட்கள் தெருவெல்லாம் விற்று முடித்திருந்தார்கள். ஐஸ் கரைந்து, மீன் கண் வெளுத்து, பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மறுநாளும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அவர் ஊருக்குத் திரும்பி வந்ததும் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு இதை ஏதோ கோயிலில் நடந்த அதிசயம்போலச் சொன்னார்கள். "நீங்க இல்லாம வண்டியே ஓடல அக்கா. ஒங்க கை பட்டாத்தான் அது நவுரும்" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புகழ்ந்துதான் சொன்னார்கள். அவர்கள் மனதில் கல்மிஷம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த தலைவியம்மாவின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். பிரயாண அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கூட்டம் வலை பின்னுகிற கொட்டகையில் நடந்தது. வண்டிச் செலவைப் பற்றிக் கேட்பார்கள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நாளையிலேருந்து நான் தலைவி இல்ல. யாருன்னு நீங்களே பேசி முடிச்சிக்குங்க. நான் யாரையும் கை காட்ட மாட்டேன்."

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அழுகை. நாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று ஒருத்தி காலிலேயே விழப் போனாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, "தப்பு ஒங்களோடது இல்லடி. இத்தன வருசமும் நானே தட்டிக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அவர் மனம் மாறவில்லை. கடைசியில் பெண்கள் தங்களுக்குள் பேசி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு வழக்கில் கெட்டி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். தலைவியம்மாதான் முதலில் கைதட்டினார். அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் அவர் தன் கூடையோடு வந்து, பின்னால், கடைசி வரிசையில், எல்லாரையும்போல ஏறிக்கொண்டார். முன்சீட்டில் புதுத்தலைவி உட்கார வேண்டும். உட்காரவில்லை. அக்கா உட்கார்ந்த இடத்தில் நான் எப்படி உட்காருவது என்று அவளும் பின்னால் போய்விட்டாள். வேறு யாரும் உட்காரவில்லை. சீட்டின்மேல் ஒரு துண்டை விரித்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது யாரோ அந்தக் காலி சீட்டின்மேல் ஒரு முழம் பூவையும் போட்டார்கள். தலைவியம்மா பார்த்துவிட்டு, "என்னாடி இது, உசுரோட இருக்கறப்பவே படையல் போடுறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பூவை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

கதவைத் தட்ட ஆள் இல்லை. புதுத்தலைவி பின்னாலிருந்து "போவலாமா?" என்று மெதுவாகக் கேட்பாள். கேட்டுவிட்டு அக்கா முகத்தைப் பார்ப்பாள். மற்ற பெண்களும் பார்ப்பார்கள். நானும் கண்ணாடியில் அவரைத்தான் பார்ப்பேன். கை பழகிய பழக்கம்போலக் கண்ணும் பழகிவிட்டது. அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கடலில் ஏதோ விசேஷம் நடக்கிறதுபோல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கூடையைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். அவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார யாருக்கும் மனம் வராது; நாலு பேர் உட்காரக்கூடிய வரிசையில் இவர் ஒருவர் மட்டும் தாராளமாக உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நின்றுகொண்டு வருவார்கள்.

ஒரு நாள் இரண்டு பெண்களுக்குள் ஒரு தெருவுக்காகச் சண்டை வந்தது. நேரே தலைவியம்மாவிடம் போனார்கள். "அவகிட்டப் போய்க் கேளுங்கடி" என்று அனுப்பினார். புதுத்தலைவி நியாயமாகத்தான் ஒரு தீர்ப்புச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் இவரிடம் வந்து, "அவ இப்டிச் சொல்றா. நீங்க என்னாக்கா சொல்றீங்க?" என்றார்கள். புதுத்தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமில்லை, குறையும் சொல்லவில்லை. மனம் விட்டுப்போய் அவள் சொன்ன வார்த்தை இதுதான்: "அக்கா, நீங்க இருக்குற வண்டில நான் என்னத்தச் சொல்றது?"

தலைவியம்மா அவளைப் பார்த்தார். பிறகு, "வாஸ்தவந்தான்டி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லைபோல என்று பேசிக்கொண்டே கிளம்பினோம். மெயின் ரோட்டுக்கு வந்து திரும்பினால், பஸ் நிற்கிற இடத்தில், கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் பிரேக் போட்டேன். பின்னாலிருந்து எல்லாரும், "ஏறுங்கக்கா, ஏறுங்க" என்று கத்தினார்கள். அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். ஏறத்தான் வருகிறார் என்று நினைத்தேன். காலி முன்சீட்டின் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "என்னாத்துக்குத் தம்பி வண்டிய நிறுத்துற? மீன் கெட்டுப்போவுது பாரு" என்றார். சொல்லிவிட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

தட்டு விழுந்தால் கிளம்பித்தான் எனக்குப் பழக்கம். கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு அவருடைய கூடையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையால் கூடையின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த அவமானம் வேண்டாம் என்று இந்த வண்டியை வாங்கினாரோ, அதே அவமானத்துக்கு அவரை நாங்கள் திருப்பி அனுப்பிவிட்டோம். ஒருத்தி எழுந்து முன்னால் வந்து, அந்தத் துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

மறுநாள் புதுத்தலைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைத் தட்டிய சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டது. அதற்குப் பிறகு சங்கம் நன்றாகவே நடந்தது. இன்று புது வண்டி வாங்குகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் அது அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம். ஆனால் தலைவியம்மா திரும்ப வண்டியில் ஏறவே இல்லை. எத்தனையோ பேர் போய்க் கூப்பிட்டார்கள். இப்போதுதான் நல்லபடியாகப் போகிறது, நான் வந்தால் மறுபடியும் என் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று சொல்லிவிட்டாராம். முழங்கால் விட்டுப்போகிற வரைக்கும் பஸ்ஸில்தான் போய் வந்தார்.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கப் போனபோது நான் கேட்டேவிட்டேன். ஏன் இப்படிப் பிடிவாதம், எங்களை எல்லாம் குற்றவாளி ஆக்கவா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். சிரித்தார். "பஸ்ல என்னய யாருக்கும் தெரியாது தம்பி. நேத்திக்கி ஒரு பொண்ணு, செத்த தள்ளி ஒக்காருங்கன்னு சொல்லுச்சு. எத்தன வருசமாச்சு, என்னய ஒருத்தி தள்ளி ஒக்காரச் சொல்லி" என்றார். அவர் நிஜமாகவே அதில் சந்தோஷப்பட்டாரா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை. நம்ம வண்டியில் அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனோமே என்று வருகிற வழியெல்லாம் எனக்குப் பொருமிக்கொண்டு வந்தது. அவர் கேட்டது கடைசி வரிசையில் ஒரு மூலை. அதைத் தவிர மற்ற மரியாதை எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்தோம்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

டிங்கர் பையன் வாசலுக்கு வந்து, "என்னாண்ணே, டீ குடிக்கலியா?" என்று கூப்பிட்டான். உள்ளே போனேன். கதவுப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தேன். என் கைக்கு அது பொருந்தவில்லை. அவருடைய கை சின்னது. இதை அப்படியே விட்டுவிடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தத் துண்டும், சீட்டின்மேல் போட்ட பூவும் நினைவுக்கு வந்தன.

"எடுத்துரு" என்றேன்.

அவன் கதவின் உள்தகட்டைக் கழற்றி, சுத்தியலை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். முதல் இரண்டு தட்டுக்கு என் இடது கை தன்னால் கியரைத் தேடியது. அவன் இரண்டோடு நிறுத்தவில்லை.