மாம்பால் பட்ட கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கே நடந்தது. அந்தக் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எழுபத்திரண்டாம் வருஷம். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தேன். எனக்கு அதுதான் முதல் மாங்காய்க் காலம். ஆண்கள் துறட்டியால் பறிப்பார்கள். பெண்கள் காம்பை ஒடித்து, பால் வடியவிட்டு, கிணற்றடியில் கழுவி, கொட்டகையில் வைக்கோல்மேல் அடுக்குவார்கள். மாம்பால் பட்டால் தோல் வெந்துவிடும். என் மாமியார் கங்கையம்மாளின் வலது உள்ளங்கையில் ஒரு கறுப்புத் தழும்பு இருந்தது. யார் கேட்டாலும், "மாம்பால் பட்டுச்சு" என்று சொல்லி விரல்களை மடக்கிக்கொள்வார்.

அந்தத் தோப்பில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் கூலிப் பெண்கள் தோப்பு வாசல் படல் ஓரம் நின்று, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மாங்காய் ஒளித்திருக்கிறார்களா என்று பார்ப்பது அதுவரை மாமியாரின் வேலை. அந்த வருஷம் ஏனோ படல் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார்.

"நீ பாரு வேணி. ஒண்ணை விட்டா ஒம்போது போவும்."

என் அம்மா வயதுப் பெண்கள் வரிசையில் நின்று என்னிடம் மடியை உதறினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பார்த்தேன். புது மருமகள்... மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனி மாதம், கடைசிப் பறிப்பு. எல்லோரும் போய்விட்டார்கள். சாயங்கால ரயில் கூவிக்கொண்டு போனது. படலைச் சாத்தத் திரும்பினேன். உள்ளே இன்னொருத்தி நின்றிருந்தாள்.

ஒல்லியான பெண். நான் பார்த்ததே இல்லை. முந்தானையால் தலையை மூடியிருந்தாள். தரையெல்லாம் காய்ந்த மாவிலை. கோழி நடந்தாலே சரசரக்கும். இவள் வந்த சத்தம் கேட்கவில்லை. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

கிணற்றடியில் காய் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். என் கண் அவள் மடியில்தான் இருந்தது. புடைத்திருந்தது.

"மடியைக் காட்டும்மா."



"எத்தினி காய் வெச்சிக்கினு இருக்கே? நீயே எடுத்துடு."

அவள் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கையை நீட்டி மடியைப் பற்றினேன்.

மாங்காய் இல்லை. சில்லென்ற வயிறு.

உள்ளே ஏதோ... உதைத்தது.

கையை இழுத்தேன். வரவில்லை. அவள் என்னைப் பிடித்திருக்கவும் இல்லை.

"உங்க மாமியாரும் இங்கதான் கைய வெச்சாங்க."

கத்தினேன்.

யாரும் இல்லை.

காலடியில் இலைகள் மட்டும் நனைந்திருந்தன...

ஜுரத்தில் படுத்துவிட்டேன். தோப்பில் வேலை செய்யும் அம்சா பார்க்க வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"அது மரியம்மாதான், சின்னம்மா. போன வருசம் எங்க கூடத்தான் வேலைக்கு வந்துக்கினு இருந்தா. முழுகாம இருந்தா, ஏழு மாசம். பெரியம்மா மடியில கைய வெச்சிப் பார்த்துட்டு, காய் இருக்குதுன்னு கத்தி, ஆம்பளைங்க முன்னாடி சேலைய உருவிட்டாங்க. மறுநாள் தோப்புக் கெணத்துல..."

"இதை ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லல?"



"எப்படி சொல்றது? நீங்களும் மடியத்தானே பார்த்துக்கினு இருந்தீங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவமானம். இன்றுவரை அது ஆறவில்லை.

அன்று இரவு வலது உள்ளங்கை எரிந்தது. விடிந்து பார்த்தேன். கறுத்திருந்தது. அந்த வருஷம் நான் ஒரு மாங்காயின் காம்பைக்கூட ஒடிக்கவில்லை.

மாமியார் என் கையைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை.

இப்போது எனக்கும் மருமகள் வந்துவிட்டாள். கையில் என்ன தழும்பு என்று கேட்கிறாள்.

"மாம்பால் பட்டுச்சு" என்று சொல்கிறேன்.

சொல்லிவிட்டு விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.