ஜன்னல்காரி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். கெட்டவிதமாகச் சொல்லலாம் என்றாலோ சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதுதான் எனக்கு எரிச்சலே.

என் புருஷனின் தம்பியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அன்று, அவள் செய்த முதல் வேலை ஜன்னலைத் திறந்ததுதான். வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை. சமையலறை ஜன்னல் பெயின்ட் ஒட்டிப்போய்ப் பத்து வருஷமாகத் திறக்காமல் கிடந்தது. உள்ளங்கையால் இரண்டு குத்து விட்டாள், திறந்துகொண்டது. "வந்ததும் வராததுமா வீட்டை உடைக்க ஆரம்பிச்சுட்டா" என்று என் புருஷனிடம் முணுமுணுத்தேன். அன்றைக்கே ஜன்னல்காரி என்று பெயரும் வைத்தேன். கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். "நல்லாத்தானே இருக்குக்கா" என்று சிரித்தாள்.

நான் தலையணை கம்பெனியில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். உறையின் வாயைக் குழாயில் மாட்டிப் பெடலை மிதித்தால் பஞ்சு குபுகுபுவென்று உள்ளே போகும். உள்ளே போகாததெல்லாம் எங்கள் மேல் வரும். சாயங்காலம் பார்த்தால் இருபது வயசுப் பெண்ணுக்கும் புருவம் நரைத்திருக்கும். சுடச்சுட ஒரு டீ குடித்தால் நெஞ்சில் இருக்கும் தூசு கரைந்துவிடும் என்பது எங்கள் வைத்தியம். நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கரைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். முதல் நாளே மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் மாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். எல்லோரும் கேலி செய்தோம். "ஆபரேஷன் எத்தனை மணிக்கு டாக்டரம்மா?" என்று முதலில் கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து சூப்பர்வைசரிடம் போய், கூட்டும்போதுதான் தூசு அதிகம் பறக்கிறது, கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் என்ன என்று கேட்டாள். அந்த ஆள் சரி என்றார். இன்னும் இரண்டு மாதத்தில் வாசலில் மாஸ்க் டப்பா வந்தது. எட்டு வருஷமாக எனக்குக் கிடைக்காத மரியாதை அவளுக்கு மூன்று மாதத்தில் கிடைத்துவிட்டது. நான் ஒரு தடவைகூட மாஸ்க் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். டப்பாவில் இருந்து எல்லோரும் எடுத்தார்கள். நான் மட்டும் எடுக்கவில்லை. அவள் வாங்கிக் கொடுத்ததை நான் மாட்டிக்கொள்வதா?

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்குத் தெரியாது.

எங்கள் மாடிக்கு ஐம்பத்து நாலு படி. லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால், அவள் இரண்டு கையிலும் பையோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறுவாள். "பேசிக்கிட்டே ஏற முடியுதான்னு பார்த்துக்குவேன்க்கா. முடியுற வரைக்கும் நெஞ்சைப் பத்திக் கவலை இல்ல" என்பாள். நான் இரண்டாவது மாடியில் நின்று பைக்குள் சாவி தேடுவேன். வீட்டில் ஆள் இருக்கும்போது சாவி எதற்கு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை.

மகளுக்கு ஆறு வயது. நாலு வயதில் இருந்து இழுப்பு. மார்புக்குள் யாரோ சின்ன விசில் ஊதுவதுபோல் கேட்கும். டாக்டர் பம்ப் கொடுத்திருக்கிறார், வந்தால் அடிப்போம், கொஞ்ச நேரத்தில் அடங்கும். காற்றுப் பட்டால் ஆகாது என்று எங்கள் அறையில் ஜன்னலைச் சாத்தி, திரை போட்டு, கொசுவுக்குச் சுருளும் கொளுத்தி வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். ஜன்னல்காரியின் அறையில் திரை கிடையாது, தரைவிரிப்பு கிடையாது, சுருள் கிடையாது. ஒரு கொசுவலை, ஒரு பாய், ஒரு திறந்த ஜன்னல். துறவி மடம் மாதிரி இருக்கும்.

காலையில் அவள் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து அதைவிட மெதுவாக விடுவாள். என் மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதேபோல் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். "மூச்சு விடறதுக்கும் ஒரு பாடமா? பொறந்ததுல இருந்து விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றேன் ஒரு நாள். என் மகள் கண்ணைத் திறக்காமலே, "ஷ்ஷ்... அம்மா, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

ஒரு மத்தியானம் அங்கேயே தூங்கிப்போனாள். விசில் சத்தமே இல்லை. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரக் கடைசியில் தன் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு, "நான் சித்திகிட்டயே படுத்துக்கிறேம்மா. அங்க படுத்தா வலிக்கல" என்று போய்விட்டாள். அவள் தூக்கிக்கொண்டு போனது நான் பஞ்சு அடைத்த தலையணை. "பிள்ளை நல்லாத் தூங்குதுல்ல, விடேன்" என்றார் என் புருஷன். அவருக்கென்ன, அவர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாலு நாள் கழித்து வருபவர். நான்தான் காலியாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எனக்கு மிச்சம் இருந்தது சாயங்காலம். மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்து என் கொழுந்தன் பார்த்துக்கொள்வான், அவனுக்குக் காலை ஷிஃப்ட். நான் கம்பெனி வேனில் ஐந்து பத்துக்கு வந்துவிடுவேன். ஜன்னல்காரி வேனில் வரமாட்டாள். நடந்தால் நெஞ்சுக்கு நல்லதாம். நடந்து வந்து சேர ஐந்தே முக்கால் ஆகும். அந்த அரை மணி நேரம் என் ராஜ்ஜியம். கதவைத் திறந்ததும் என் மகள் ஓடி வருவாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் தூக்கிக்கொள்வேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். இடுப்பு ஒடிந்தாலும் இறக்க மாட்டேன்.

அப்புறம் அவள் வருவாள். என் மகள் கையை நீட்டினாலும் தொட மாட்டாள். "இருடா, வந்துடறேன்" என்று நேராகக் குளியலறைக்குள் போவாள். கம்பெனி உடுப்பை மூடி போட்ட வாளியில் போட்டு, தலைக்கும் ஊற்றிக்கொண்டுதான் வெளியே வருவாள். பிள்ளை கை நீட்டுகிறது, இவளுக்குக் குளியல்தான் பெரிதாகப் போயிற்று என்று நான் பொருமுவேன். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்களும் குளிச்சுட்டுத் தூக்குனா..." என்று ஆரம்பித்தாள். "என் பிள்ளையை நான் தூக்குறதுக்கு உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். இரவில் நிம்மதியாகத் தூங்குகிற பிள்ளைக்கு, சாயங்காலம் ஆறு ஆறரைக்கு இழுப்பு வந்துகொண்டிருந்தது. அதாவது ஜன்னல்காரி வீட்டுக்கு வந்த பிறகு. வந்ததும் அவள் என்ன செய்கிறாள்? ஜன்னலை எல்லாம் திறக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், அதோடு மகளின் தலையணை என் அறைக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. கம்பெனியில் இருந்து நேராக வந்து மகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அன்று பர்மிஷன் போட்டு முன்னாலேயே வந்து குளித்து முடித்திருந்த ஜன்னல்காரியின் விரலை மகள் விடவில்லை. அதனால் அவளும் வந்தாள். வரட்டும், காதால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா மகளின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் வழக்கை ஆரம்பித்துவிட்டேன். திறந்த ஜன்னல், காற்று, சாயங்காலம் ஆறரை. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, நாய், பூனை உண்டா, சுருள் கொளுத்துவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எதற்கும் நான் வாயைத் திறக்கும் முன்பே ஜன்னல்காரி பதில் சொன்னாள். மருந்து பெயர், எத்தனை தடவை அடித்தோம், எந்த நாள் என்று எல்லாம் ஒப்பித்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்து, "நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார்.

எனக்குக் காதில் புகை வந்தது. "நான்தான் அம்மா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"சரிம்மா. சாயங்காலம் இழுப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன நடக்குது? பிள்ளை யாரோட இருக்கும்?"

விட்டதைப் பிடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? "என்கூடத்தான் டாக்டர்! வேலையில இருந்து வந்ததும் முதல்ல தூக்குறது நான்தான். செருப்பைக்கூடக் கழட்ட மாட்டேன். அரை மணி நேரம் என் தோளை விட்டு இறங்காது. இவ வந்தா குளிச்சு முடிச்சு, சாவகாசமாத்தான் பிள்ளையத் தொடுவா."

ஜன்னல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தலையணை கம்பெனில. பஞ்சு அடைக்கிறது."

அவர் எழுந்து வந்து, என் காதுக்குப் பின்னால் முடியில் சிக்கியிருந்த எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். கடலை அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை. "காத்து இல்லம்மா" என்றார். "பம்ப்பை விட்டுறாதீங்க. சுருளை நிறுத்துங்க. வேலையில மாஸ்க் போடுங்க, அது உங்க நெஞ்சுக்கு. வீட்டுக்கு வந்ததும் குளிச்சு, துணி மாத்திட்டு அப்புறம் தூக்குங்க, அது இவ நெஞ்சுக்கு."

திரும்பி நடந்து வந்தோம். மகள் எங்களுக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனாள். என் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஆசை ஆசையாகத் தூக்கித் தூக்கி நானே மூச்சை அடைத்திருக்கிறேன். அழுகை வந்தது, அவள் முன்னால் அழவும் பிடிக்கவில்லை. "உனக்குத் தெரியும்ல? இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள்மேலேயே பாய்ந்தேன்.

"சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். "எங்கப்பாகிட்டயும், பின்னாடி புரிஞ்சப்போ, நான் சொல்லல. மாவு மில்லுல வேலை அவருக்கு. வந்ததும் நான்தான் முதல் ஆளா ஓடிப்போய் ஏறிக்குவேன். எட்டு வயசு வரைக்கும் எனக்கும் இழுப்பு. அவர் மில்லுக்குப் போறதை நிறுத்தினதும் நின்னுருச்சு."

"எதுக்கு நிறுத்தினாரு?"

"மூச்சு விட முடியல. வீட்டுக்கு ஆறே படி, நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவாரு. தூக்குன்னு கேட்டா அழுதுருவாரு. நான் மறுபடியும் கேட்கவே இல்ல."

பேசிக்கொண்டே ஐம்பத்து நாலு படியும் ஏறுகிற பெண் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் ஏறினாள்.

திங்கட்கிழமை டப்பாவில் இருந்து மாஸ்க் எடுத்தேன். யாரும் கேலி செய்யவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தேன், மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "கிட்ட வராதே!" என்று கத்திவிட்டேன். அப்படியே நின்றாள். உதடு பிதுங்கியது. நான் குளியலறைக்குள் ஓடி, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதேன். வெளியே வந்தபோது அவள் கோபித்துக்கொண்டு சித்தப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் வாரத்தில் அவளே வாசலில் நின்று, "குளிச்சுட்டு வா, போ" என்று அதட்ட ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க ஒரு நாள்கூட ஆறரைக்கு விசில் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தேன். ஓடி வந்து ஏறிக்கொண்டாள். என் கழுத்தில் மூக்கை வைத்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"அம்மா, இப்பத்தான் நீ சித்தி மாதிரியே வாசமா இருக்கே" என்றாள்.

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்படியா, இன்னொரு தடவை மூச்சு இழு பார்ப்போம்" என்றேன்.