உறைந்த தேனும் மைனியின் பிளாக்கும்

சார் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து எங்கள் கடை மேசைமேல் வைத்தார். தேன் அசையவில்லை. வெளுத்து, மணல்மணலாக, அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கடைச் சீட்டு ஒட்டிய பாட்டில்தான். பக்கத்தில் ஒரு தாளையும் விரித்து வைத்தார். பிரௌசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். சுத்தமான தேனைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் என்று தலைப்பு. அதில் ஒரு வரியின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்: நல்ல தேன் ஒருநாளும் உறையாது, உறைந்தால் அது சீனிப்பாகு. எந்த மடையன் எழுதினான் இதை என்று நான் வாயைத் திறப்பதற்குள், தாளின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். அங்கே எங்கள் கடைப்பெயர் இருந்தது.

“நான் ஒண்ணும் சொல்லல்ல மக்கா. நீங்களேதான் எழுதி வச்சிருக்கிய.”

அவ்வளவுதான் சொன்னார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். என் அப்பா கடை நடத்திய காலத்திலிருந்து எங்களிடம்தான் தேன் வாங்குவார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாட்டிலையும் தாளையும் அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். புதுக்கடைச் சந்தியில் தேன்கடை வைத்திருப்பவனுக்குப் பெயர் ஒன்றுதான் முதல். சாரே வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று ஊரில் நாலு பேர் பேசினால் கடையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடவேண்டியதுதான்.

தேன் வியாபாரம் என்பதே சந்தேக வியாபாரம். வாங்க வருகிறவர்களில் ஒருவர் தீக்குச்சியை முக்கி உரசிப் பார்ப்பார். இன்னொருவர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். நல்ல தேனை நாய் நக்காது என்று சொல்லித் தெருநாயைக் கூப்பிட்ட மகராசனும் உண்டு. நான் மட்டும் என்ன, பெட்டி வைத்துத் தேன் எடுத்துக் கொண்டுவருகிறவர் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்குட்டியே ஆனாலும், என் நாக்கில் வைக்காமல் ஒரு டின் உள்ளே ஏறியதில்லை. என் குணம் அப்படி. அந்தக் குணத்தோடுதான் மைனியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைனி என்றால் அண்ணனின் மனைவி. களியக்காவிளைக்காரர். தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே வேகத்தில் வாசிப்பார். அண்ணன் ஷார்ஜாவில் இருந்தான். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஏதோ ஒரு வருஷம் லீவில் வந்தவன், ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கடையின் மூலையில் வைத்து, இனி கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு பிளாக் உண்டு, அதை உன் மைனி பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது. இன்றைக்கு மூலை, நாளைக்குக் கல்லா என்று நினைத்தேன்.

முதலில் மைனி சொந்தமாகத்தான் எழுதினார். தேனைப் பற்றி எத்தனை நாள் எழுத முடியும்? சரக்கு தீர்ந்தது. பிறகு வேறு வேறு தளங்களில் வந்தவற்றைத் தேடி எடுத்து, மேலே தன்னுடைய இரண்டு வரி, கீழே யார் எழுதியது என்ற விவரம், அங்கே போக ஒரு சுட்டி என்று வாரந்தோறும் தொகுத்துப் போடத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊரான் எழுதியதை நம் கடையில் எதற்குத் தொங்கவிட வேண்டும்? நம் திண்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்த கடைக்கு வழி சொல்கிறவர் உண்டா? கேட்டேன். பிளாக்கும் கடை மாதிரிதான், வாசல் பெருக்காமல் கிடந்தால் பூட்டிப்போட்ட கடை என்று நினைத்து ஆள் திரும்பிப் போய்விடும் என்றார். நல்ல பதில்தான். நல்ல பதில் சொல்கிறவர்களிடம்தான் எனக்கு இன்னும் சந்தேகம் கூடும். ஷார்ஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்.

சார் போன பிறகு தாளைக் கொண்டுபோய் மைனியின் முன்னால் போட்டேன். ஊரான் சரக்கு நம்மைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியிருக்கிறது பார்த்தீர்களா என்று கேட்டேன். உள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்வானேன். மைனி தாளை வாசித்தார். பாட்டிலைக் கையில் எடுத்தார். முகம் வெளிறிவிட்டது. அப்படியானால் இதில் யாரோ கலப்படம் செய்திருக்கிறார்கள், எந்த டின்னில் வந்தது என்று என்னிடமே கேட்டார்.

நான் மலைத்துப் போனேன். எங்கள் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துத் தேன். அது சீக்கிரம் உறையும், சுத்தமாக இருந்தாலும் உறையும். கடைக்குள் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிற மைனிக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும்? உறைந்த தேனைக் கண்டால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்பதால், காலையில் அவர் வருவதற்கு முன்பே நான் பின்கட்டில் அண்டாவில் வெந்நீர் வைத்துப் பாட்டில்களை இறக்கி இளக்கிவிடுவேன். அப்பா செய்தது, நானும் செய்தேன். அடுத்த கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார். மைனியிடம் சொன்னால் பிளாக்கில் எழுதிவிடுவார், தொழில் ரகசியம் நாடெல்லாம் நாறும் என்று நினைத்து அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்டா அடுப்பில் இருந்தது. இளகாத பாட்டில் இரண்டு மூன்று அதில் நின்றன. மைனி ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நான் கடையில உள்ள ஆளுண்ணுல்லா நெனச்சிட்டிருந்தேன். நீங்க என்னையும் வாங்க வந்த ஆளாட்டுத்தான் வச்சிருக்கிய, இல்லியா தம்பி?”

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்தக் கட்டுரையை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அதை அப்படியே விட்டு, அதன் மேலே உறைந்த பாட்டிலின் படத்தைப் போட்டு, இது தவறான தகவல், சரிபார்க்காமல் எடுத்துப் போட்டுவிட்டோம், எங்கள் ரப்பர் தேன் உறையும், உறைந்ததை வெந்நீரில் இளக்கித்தான் இத்தனை நாள் விற்றோம் என்று எழுதினார். மைனி, இது நம்ம கடைக்கு நாமே வைக்கிற தீ என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை.

இன்று மைனி அண்ணனோடு ஷார்ஜாவில் இருக்கிறார். பிளாக்கை நான்தான் பார்க்கிறேன். நானும் ஊரான் எழுதியதைத்தான் தேடிச் சேர்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரியையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. என் கெட்ட குணத்துக்கு இப்படியொரு உபயோகம் இருக்கும் என்று யார் கண்டார்? சந்தையில் இப்போது கதை மாறிவிட்டது. தெளிந்த பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, இது ஏன் இன்னும் உறையவில்லை, எதையாவது கலந்தீர்களா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். சந்தேகப்படாத ஆள் தேன் வாங்கி என்ன செய்யப்போகிறார்?

சார் மறுபடி வந்ததைச் சொல்லவில்லையே. மைனி எழுதி ஒரு வாரம் இருக்கும். மழை விட்டு வெறித்த நேரம். சார் கடை ஏறி வந்து என்னைத் தாண்டி மூலைக்குப் போனார். கையில் அந்தப் புதிய பக்கத்தின் பிரிண்ட். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, எழுத்தையும் மைனியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதும் எங்கேருந்தாவது எடுத்துப் போட்டதா, இல்ல சொந்தமா எழுதினதா?”

மைனி எழுந்து நின்றார். நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். கடை பிழைக்குமா என்பது அந்தப் பதிலில் இருந்தது. இத்தனை நாள் யார் யாரிடம் எதை மறைத்தார்கள் என்பதையும் மைனி அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். அவருக்கு அதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

“நாங்க எழுதினது சார்,” என்றார். “நானும் தம்பியும்.”