லேமினேஷன் போட்ட சம்பளக் கடிதம்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் சோபா வேலை செய்கிறவர். தெருவுக்கு அவர் சோபாக்காரர். எனக்குத் தம்பி மாதிரி. பழைய துணியை உரித்து, ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டி, புது ஸ்பஞ்சு வைத்து, மேலே ரெக்சின் போர்த்தி ஆணி அடிப்பார். அடிக்க வேண்டிய சின்ன ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்பார். பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறும்.

மனசில் ஏதாவது உறுத்தினால் இரண்டு ஆணி கூடப் போட்டுக்கொள்வார் என்பது அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வாயில ஆணி இருந்தா யாருக்கும் பதில் சொல்ல வேணாம் பாருங்கக்கா. என்கிட்டேர்ந்து தப்பிக்க அவர் கண்டுபிடிச்ச வழி அது" என்பாள்.

போன மாதம் ஒரு வாரம் முழுக்க அவர் வாயில் ஆணிதான்.

அதைச் சொல்ல, ஏழு வருஷம் பின்னால் போக வேண்டும். அப்போது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் மாடி என்பது அவர் போட்ட சட்டம். சோபாக்காரர் அதற்குள் எட்டு வீட்டுப் படி ஏறி, சம்பளத்தைச் சொன்னதும் எட்டு வீட்டுப் படியும் இறங்கியிருந்தார். எங்களிடம் வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. கடை முதலாளி சீல் குத்திக் கொடுத்தது. அதிலிருந்த சம்பளம் எங்கள் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டோம்.

உண்மையில் அவர் வாங்கியது அதில் பாதி. முதலாளி இரக்கப்பட்டுக் கூட்டி எழுதியிருந்தார். வீடு வாங்கிக் கொடுத்த கடிதம் அல்லவா, அதற்கு லேமினேஷன் போட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழோடு பீரோவில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் இருந்த தாள்களிலேயே மரியாதையானது அதுதான்.

அவர்களுக்கு ஒரே மகள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பதால் அப்பனே அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது என்று தெரிந்த அன்று, தாயும் மகளும் படியில் செருப்பில்லாமல் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் செலவுப் பட்டியல் வந்துவிட்டது. படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, ஆய்வுக்கூடம், வெள்ளைக் கோட்டு, திரும்பக் கிடைக்கிற டெபாசிட், திரும்பக் கிடைக்காத டெபாசிட்.

"திரும்பக் கிடைக்காதுன்னா அதுக்கு ஏம்மா டெபாசிட்னு பேரு?" என்று கேட்டேன்.

"அதைத்தான் பெரியம்மா நானும் கேக்கறேன்" என்றாள் வக்கீல்.

பட்டியலுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கட்டணச் சலுகை இல்லை. குடும்ப வருமானம் வரம்புக்கு மேல். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டி இடத்தை உறுதி செய்யாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஆட்சேபணை இருந்தால் வியாழக்கிழமை மதியத்துக்குள் புதுச் சான்றோடு நேரில் வரலாம். அன்று திங்கட்கிழமை.

நாலு மாதத்துக்கு முன் விண்ணப்பம் அனுப்பியபோது வருமானச் சான்று கேட்டிருக்கிறார்கள். சோபாக்காரர் பீரோவைத் திறந்து அந்த லேமினேஷன் கடிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"நிஜமாவே இவ்வளவா அப்பா உங்க சம்பளம்?"

"சீல் இருக்குல்ல? ஏத்து."

அவளும் இணையத்தில் ஏற்றிவிட்டாள். "வீட்டுல காசு இருக்கு, அம்மாதான் ஒளிச்சு வைக்கறாங்கன்னு நினைச்சேன் பெரியம்மா" என்று பின்னால் என்னிடம் சொல்லி அழுதாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சலுகை கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். திங்கள் சாயங்காலம் மாடியில் சத்தம். செவ்வாய்க்கிழமை சத்தமே இல்லை. சத்தத்தைவிட அது மோசம். தலைக்கு மேல் நடக்கிற காலடி மட்டும் கேட்டது. ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. மாடிப்படியில் அவர் மனைவியைப் பார்த்தேன். காதில் கம்மல் இல்லை. கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாள் போல இருந்தாள்.

புதன்கிழமை காலையில் சோபாக்காரர் கீழே வந்தார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த குஷன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்.

"துணி நைஞ்சு போச்சுக்கா. மாத்தித் தர்றேன்."

நான் கேட்கவே இல்லை. காசும் வேண்டாம் என்றார். ஒருவன் கேட்காமல் நல்லது செய்தால் அவனுக்கு நம்மிடம் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது. மதியம் நானே கடைக்குப் போனேன்.

நாற்காலி மரச்சட்டமாக நின்றது. பழையதை முழுக்க உரிக்காமல் புதுசு போர்த்த மாட்டார். அப்படிப் போர்த்தினால் ஆறே மாதத்தில் உள்ளே இருப்பது பிதுங்கும் என்பார். வாய் நிறைய ஆணி. என்னைப் பார்த்ததும் அடிக்கிற சுத்தியல் பாதியில் நின்றது.

"அந்தம்மாவே வந்துட்டாங்க. ஆணியைத் துப்புய்யா. இல்லேன்னா முழுங்கித் தொலை" என்றார் முதலாளி கல்லாவிலிருந்து.

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தார். பதினோரு ஆணி. அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"அக்கா, காலி பண்ணச் சொல்றதா இருந்தா, பொண்ணு காலேஜ் சேர்ற வரைக்குமாவது டைம் குடுங்க."

"யாரு காலி பண்ணச் சொன்னா?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்குக் கொடுத்த கடிதம், படிப்புக்குக் கொடுத்த கடிதம், இரண்டும் ஒன்று. இப்போது உண்மைச் சம்பளத்தை முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதே தாளில், இன்ன வாடகைக்குக் குடியிருக்கிறார், மேலே எழுதிய வருமானம் எனக்குத் தெரியும் என்று வீட்டுச் சொந்தக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். என்னிடம் நீட்டினால் ஏழு வருஷப் பொய் தெரிந்துவிடும். நீட்டாவிட்டால் மகளுக்கு இடம் போய்விடும். திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தாள் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

"ஏன் தம்பி அந்தக் கடுதாசியைக் குடுத்தீங்க?"

"எந்த வாசல்ல போய் நின்னாலும், இவன்கிட்ட போதுமான அளவு இருக்கான்னுதான் கேட்டிருக்காங்க. கம்மியா இருக்கான்னு கேக்கற வாசலும் ஒண்ணு இருக்கும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? வக்கில்லாதவன் பிள்ளைன்னு அவளைத் தள்ளிடுவாங்கன்னு நினைச்சேன்."

மறைப்பானேன், எனக்கும் பயம் வந்தது. அந்த வாடகையில்தான் என் அடுப்பு எரிகிறது. சின்னச் சம்பளக்காரர் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு வாடகை நின்றுபோனால் யாரைக் கேட்பேன்? கண்ணை மூடி ஆண்டவனே என்றேன். மூடிய கண்ணுக்குள் அவர்கள் குடிவந்த நாள்தான் வந்தது.

"நீங்க வந்த அன்னிக்குச் சாமான் எல்லாம் ஒரே வண்டியில வந்துது தம்பி. அதுலயும் பாதி இடம் காலி. அந்தச் சம்பளக்காரன் சாமானா அது? நான் அன்னிக்கே பாத்தேன்."

"ஐயாவுக்கும் தெரியுமா?"

"அவர் தாளைப் பாத்தார். நான் வண்டியைப் பாத்தேன்."

"அப்புறம் ஏங்க்கா ஒண்ணும் சொல்லல?"

"மெத்தைச் சுருட்டு மேல உங்க பொண்ணு தூங்கிட்டு இருந்தா. அவளை எழுப்பிட்டு, இறக்கற சாமானையா திருப்பி அனுப்பறது? ஏழு வருஷத்துல ஒரு மாசம் வாடகை தப்பியிருக்கா? தாளை எடுங்க."

"அப்போ கை கூசிக் கூசி நான் எழுதின பொய் வீணா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். சோபாக்காரர் சிரிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அப்பனும் மகளும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அங்கே நடந்ததை வக்கீல்தான் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"ஒரே கடை, ஒரே சீல். இதுல எதுங்க பொய்?"

வக்கீல் வாயைத் திறந்தாளாம், அப்பன் கையமர்த்திவிட்டார். சோபாக்காரர்தான் பேசியிருக்கிறார். அன்று வாயில் ஆணி இல்லை.

"பெரிசு வீடு பிடிக்க எழுதினது சார். சின்னதுலதான் சாப்பிடறோம். பொய் என்னோடது. பொண்ணுக்குத் தெரியாது."

அந்த அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். நாளை தகவல் வரும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாடியில் சிக்னல் சரியில்லை என்று மூன்று பேரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். ஜன்னல் கட்டையில் செல்போனை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்று மணி. மூன்றரை. யாரோ ஏதோ விற்கிற குறுஞ்செய்தி வந்தது, நாலு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. நாலு மணிக்கு அவர் எழுந்துபோய் புதுத்துணி போட்ட நாற்காலியின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதியில் வரி மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன்.

நாலு இருபதுக்கு வந்தது. படிப்புக் கட்டணத்துக்கு முழுச் சலுகை. விடுதிக்கு இல்லை.

கம்மல் விற்ற காசு டெபாசிட்டுக்குப் போனது. வக்கீல் பொத்தானை அமுக்கிவிட்டாள், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "தொடாதே, தொடாதே" என்று அவள் அம்மா தன் கையையே பிடித்துக்கொண்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு வட்டம் நின்றது. இடம் உறுதி.

விடுதியை விட்டுவிட்டு இப்போது அவள் விடியற்காலை ஐந்தரை மணிப் பஸ்ஸுக்குப் போகிறாள். வண்டி கிளம்பும் வரை நிறுத்தத்தில் அப்பனும் நிற்கிறார். அந்த லேமினேஷன் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தார், கிழியவில்லை. ரெக்சின் வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்து நறுக்கினார்.

நறுக்கிக்கொண்டே, "வருஷா வருஷம் புதுசாக் கையெழுத்து வேணுமாம்க்கா. நாலு வருஷம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கோ சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. நாலு வருஷத்துக்குக் கை நடுங்காமல் வைத்திரு என்று கடவுளிடம் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். சான்று எதுவும் இதுவரை அவர் கேட்கவில்லை.