விளம்பரத்தில் சிரித்த செல்வி அக்கா

தேயிலை விலை சரிந்த சமயம். குன்னூர் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில் நாற்பதைத் தாண்டிய பெண்களை நிறுத்திவிட்டு, குறைந்த கூலிக்கு வெளியூர் ஆட்களைத் தேடினோம். ஃபேஸ்புக் விளம்பரத்தை எழுதியது நான்தான். 'குளுகுளு மலையில் வேலை, வீடு இலவசம்' என்று போட்டு, கொழுந்து பறித்தபடி சிரிக்கும் பெண்ணின் பழைய படம் ஒன்றையும் சேர்த்தேன். லைக்குகள் குவிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம் அந்தப் பெண்ணே ஆபீசுக்கு வந்தார். நாங்கள் நிறுத்திய செல்வி அக்கா. கையில் மகளின் போன்.

"ஏனுங்க, ஆளு வேணும்னு என்ற படத்தையே போட்டிருக்கீங்க. என்னைய மறுபடி வேலைக்குக் கூப்பிடறீங்களாங்க?"

படத்தில் இருந்த அதே சிரிப்பு.

"இல்லீங்க்கா, சின்ன வயசு ஆளுங்கதான் வேணும்" என்றேன்.

அவர் போனதும் விளம்பரத்தில் வேறொரு பெண்ணின் சிரிப்பை மாற்றி வைத்தேன். நான் சரிசெய்தது அதை மட்டும்தான்.