பதிவேட்டில் குஞ்சம்மாள்

செந்துறையில் பெண்களுக்கென்று ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. நடத்தியது ஓர் அறக்கட்டளை. செலவு அரசு மானியத்தில். காப்பர்-டி வைப்பார்கள், கருத்தடை மாத்திரை தருவார்கள், வெளியில் சொல்ல முடியாத நோய்களுக்கு மருந்து தருவார்கள். எல்லாம் இலவசம். களையெடுத்துக்கொண்டிருந்த குஞ்சம்மாள் 1996இல் அங்கே பெருக்கப் போனாள். வாசல்வரை வந்து தயங்கி நிற்கும் பெண்களின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவதும் நாளடைவில் அவள் வேலையாயிற்று.

மகன் அறிவழகனுக்கு அது கூச்சம். பாலிடெக்னிக்கில் கேட்டவர்களிடம், அம்மா சத்துணவில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தான்.

2003 கடைசியில், மருத்துவமனையின் அந்த வருடப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. வந்துபோன பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த வருட மானியம். நர்ஸ் சம்பூர்ணம், படிப்பு முடித்துச் சும்மா இருந்த அறிவழகனைக் கூப்பிட்டார்.

இரண்டாம் நாள் அவன் கை நின்றது. குஞ்சம்மாள், செந்துறை, வயது 24, காப்பர்-டி. குஞ்சம்மாள், செந்துறை, வயது 31, வெள்ளைப்படுதல். வயது 19, நாள் தள்ளிப்போனது. பக்கத்துக்குப் பக்கம் அம்மா பெயர். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் இருநூற்று ஆறு.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அம்மா பொய்யாக எழுதவைத்திருக்கிறாள் என்று நினைத்தான். வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். அந்த நோய்களின் பெயரை அம்மா முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒரே பெயர், ஒரே ஊர். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கினான். சம்பூர்ணத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் மானியம் நின்றது. வருபவர்கள் குறைவாம். சம்பூர்ணம் பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு குஞ்சம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வரதராஜன்பேட்டையிலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி, மாமியாருக்குத் தெரியாமல் வந்தவர்கள், அரசாங்க நோட்டில் தங்கள் பெயர் ஏறப் பயந்தார்கள். குஞ்சம்மாள்தான் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அதில் தனக்கென்ன குறைந்துவிடப் போகிறது என்றாளாம்.

சம்பூர்ணம் போனபிறகு அவள் மகனைப் பார்த்தாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா."

அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. திருத்தி அனுப்பிய பட்டியலுக்குக் கெடு முடிந்துவிட்டதென்று பதில் வந்தது. மருத்துவமனையைப் பூட்டினார்கள். சம்பூர்ணம் வேறு ஊருக்குப் போனார். குஞ்சம்மாள் மறுபடி களையெடுக்கப் போனாள். அறிவழகனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தது.

2006இல் அவளுக்கு உதிரப்போக்கு. மாதக்கணக்கில் மறைத்துவைத்திருந்தாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயில் புற்று என்றார்கள். முன்பு எப்போதாவது பரிசோதித்ததுண்டா என்று டாக்டர் கேட்டார்.

"எம் பேருல எத்தினியோ பேரு பாத்துக்கிட்டாங்கம்மா" என்றாள் குஞ்சம்மாள், சிரித்துக்கொண்டே. "நாந்தான் பாத்துக்கல."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவழகன் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து சாகிரா என்ற பெண் துக்கம் கேட்க வந்தாள். அழுது முடித்து, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, கொடுத்த டீயைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க வந்தப்பல்லாம் நானும் குஞ்சம்மாதான் தம்பி. எம் மவளயும் கூட்டிக்கிட்டு வந்தேன், அதுவும் குஞ்சம்மாதான். கம்ப்யூட்டர்ல ஏத்துனவன் எவனோ எங்க எல்லாரையும் அழிச்சுட்டானாம்ல. யாருன்னு எத்தினியோ தடவ கேட்டேன், ஒங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லல. ஒங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது என்றான் அறிவழகன்.